நர்சிங் ஹோமிலேயே இருப்பதா, என்ஹெச்எஸ்ஸுக்கு மாறுவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சித்தி மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்று, அவள் இப்போது வேலை பார்க்கும் நர்சிங் ஹோமின் (இங்கே அது தனியார் முதியோர் பராமரிப்பு இல்லம்) சம்பளச் சீட்டு. இன்னொன்று, பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிகளை நடத்தும் என்ஹெச்எஸ் ட்ரஸ்டிலிருந்து வந்த ஆஃபர் லெட்டர், பேண்ட் 5, அதாவது நர்சுகள் தொடங்கும் சம்பள நிலை. கீழே ஒரே வரி: "அக்கா, இதுல சம்பளம் குறையுதே, போகணுமா?"

தக்கலையிலிருந்து இங்கிலாந்துக்கு அவள் வந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. நான் வந்து பதினொரு வருடம், அத்தனையும் என்ஹெச்எஸ் வார்டுகளில்தான். மூன்று ராத்திரி போனில் பேசித்தான் அவளுக்குப் பதில் சொல்லி முடித்தேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் படித்த பெண் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இதே கேள்வி வேறு நாலு பேரிடமிருந்தும் வந்தது. அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் ஊரில் பழகிய வேலைமுறையை மனதில் வைத்துக்கொண்டு என்ஹெச்எஸ்ஸைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஊரில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் ஒரே டியூட்டி பார்க்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான சம்பளம் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது ரகசியம். அரசு வேலையிலும் தொகுப்பூதியம் என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. 2015இல் தேர்வெழுதி அப்படிச் சேர்ந்த நர்சுகள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்ததை நம்மில் பலர் டிவியில் பார்த்தோம், சிலர் அங்கேயே இருந்தோம்.

என்ஹெச்எஸ், அதாவது இங்குள்ள அரசுப் பொது மருத்துவச் சேவை, 1948 ஜூலை 5ஆம் தேதி தொடங்கியது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் அதில் வேலை பார்க்கிறார்கள். டாக்டர்களையும் மேல்மட்ட நிர்வாகிகளையும் தவிர மற்ற எல்லோருக்கும், வார்டு துடைப்பவரிலிருந்து மேட்ரன் வரை, 2004இல் வந்த 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' என்ற ஒரே ஒப்பந்தம்தான். சம்பளம், லீவு, சிக் பே (நோயில் கிடக்கும்போது வரும் சம்பளம்), பிரசவ லீவு, இரவு டியூட்டிக்கான கூடுதல் பணம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அதை எழுதுவதும் திருத்துவதும் நிர்வாகத்தரப்பும் சங்கங்களும் சேர்ந்து உட்காரும் கவுன்சில். நர்சுகளின் சங்கமான ஆர்சிஎன், பிறகு யூனிசன், ஜிஎம்பி, யுனைட் என்று சங்கங்களே பல. ஒப்பந்தப் புத்தகம் இணையத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கிறது. உங்கள் மேனேஜருக்கு உங்களைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ள 60 சதவீதத்தை அவர் 50 ஆக்க முடியாது.

சரி, சம்பளத்துக்கு வருவோம். அவள் கேட்டது அதைத்தான்.

அவளுக்கு நர்சிங் ஹோமில் மணிக்கு 19.50 பவுண்டு. வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று வைத்தால் வருடத்துக்கு 38,000 பவுண்டை ஒட்டி வருகிறது. ஆஃபர் லெட்டரில் இருப்பது 31,049 பவுண்டு. 2025-26இல் பேண்ட் 5இன் முதல் படி அதுதான். ஏழாயிரம் பவுண்டு குறைகிறதே என்று அவள் பதறியது நியாயம்தான். ஆனால் நர்சிங் ஹோமின் 19.50 என்பது தட்டையான தொகை. திங்கள் காலையும் ஒன்றுதான், ஞாயிறு ராத்திரியும் ஒன்றுதான். என்ஹெச்எஸ்ஸில் பேண்ட் 5 நர்சுக்கு இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரையும், சனிக்கிழமை முழுவதும் 30 சதவீதம் கூடுதல். ஞாயிறுக்கும் பொது விடுமுறை நாட்களுக்கும் 60 சதவீதம். நைட் டியூட்டியில் பாதிக்கு மேல் அந்த எட்டு - ஆறு நேரத்துக்குள் விழுந்தால் முழு நைட்டுக்கும் கூடுதல் உண்டு.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, என் பழைய ரோட்டா (டியூட்டி அட்டவணை) ஒன்றை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். நாலு வாரத்துக்குப் பதிமூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் பதினொன்றரை மணி நேரம். அதில் வாரநாள் நைட் நாலு, சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு, மிச்சம் ஐந்தும் சாதாரணப் பகல். அடிப்படை மணிக்கூலி 15.88 பவுண்டு. கூடுதல் மட்டும் நாலு வாரத்துக்கு 548 பவுண்டு வந்தது, வருடத்துக்கு 7,100. அடிப்படையோடு சேர்த்தால் 38,000 தாண்டுகிறது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?" என்றாள்.

ஒன்றில்லை. கையில் வருவது என்ஹெச்எஸ்ஸில் குறையும். பென்ஷனுக்கு அவள் பங்காக ஏறக்குறைய 10 சதவீதம் பிடிப்பார்கள். நர்சிங் ஹோமில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான் பிடிக்கிறார்கள். வரிச் சலுகையைக் கழித்துப் பார்த்தால் மாதம் 140 பவுண்டு போலக் குறையும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவளுக்கு 140 பவுண்டு சின்னத் தொகை அல்ல. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நர்சிங் ஹோமில் முதலாளி தன் பங்காகப் போடுவது, ஒரு வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் 3 சதவீதம். என்ஹெச்எஸ்ஸில் முதலாளி பங்கு 2024 ஏப்ரலிலிருந்து 23.7 சதவீதம். அந்தப் பணம் பங்குச் சந்தையை நம்பியும் இல்லை. ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54இல் ஒரு பங்கு, வயதான பிறகு வருடா வருடம் வரும் பென்ஷனாகப் பதிவாகிறது. 38,000 பவுண்டு சம்பளம் என்றால் ஒரு வருட வேலைக்கு 700 பவுண்டு பென்ஷன், சாகும் வரை. வேலையில் இருக்கும் வரை அது விலைவாசியோடு ஒன்றரை சதவீதம் சேர்த்து வளர்ந்துகொண்டே போகும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு வருடச் சம்பளம் அளவுக்குத் தொகை உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு வருடத்துக்குள் விட்டுவிட்டால் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு பணமாகக் கிடைக்காது, பென்ஷன் வயது வரை காத்திருக்க வேண்டும். நாலைந்து வருடத்தில் ஊருக்குத் திரும்பி வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது முக்கியமான வித்தியாசம்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது சிக் பே. மூன்றாவது வருடம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். சின்ன ஆபரேஷன், இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். உள்ளே சீழ் கட்டி மறுபடி அட்மிட் ஆகி ஒன்பது வாரம் வீட்டில் கிடந்தேன். மூன்றாவது வருடத்தில் இருப்பவருக்கு நாலு மாதம் முழுச் சம்பளம், அதன் பிறகு நாலு மாதம் பாதி என்பது ஒப்பந்தம். முதல் வருடத்தில் இது ஒரு மாதம் முழுதும் இரண்டு மாதம் பாதியும்தான். ஐந்து வருடம் தாண்டினால் ஆறும் ஆறும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தபோது அடிப்படைச் சம்பளம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கட்டிலில் சாய்ந்தபடி அதையே திரும்பத் திரும்பப் பார்த்தது நினைவிருக்கிறது. வாடகை, குழந்தையின் பள்ளி வேன், ஊரில் அப்பாவின் மருந்து, எதுவும் நிற்கவில்லை.

அதே குளிர்காலத்தில் என்னோடு படித்த களியக்காவிளைத் தோழி, வேறு ஊர் நர்சிங் ஹோமில் இருந்தவள், ஐஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்தது சட்டப்படியான சிக் பே மட்டும். 2025-26 கணக்கில்கூட அது வாரத்துக்கு 118.75 பவுண்டுதான். கட்டு பிரிப்பதற்குள் 'லைட் டியூட்டி' என்று கேட்டு வாங்கி வேலைக்குப் போய்விட்டாள். இன்றும் குளிர் வந்தால் அந்தக் கையால் ஜாடி மூடியைத் திறக்கச் சிரமப்படுகிறாள்.

பிரசவ லீவும் இப்படித்தான். சட்டம் தருவது ஆறு வாரம் 90 சதவீதம், பிறகு 33 வாரம் ஒரு சின்ன நிலைத் தொகை. என்ஹெச்எஸ்ஸில் எட்டு வாரம் முழுச் சம்பளம், 18 வாரம் பாதிச் சம்பளமும் அந்த நிலைத் தொகையும், அதற்கு மேல் 13 வாரம் நிலைத் தொகை. ஆனால் பிரசவத் தேதிக்குப் பதினொரு வாரம் முன்னால் ஒரு வருட சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும். கல்யாணம் முடித்து அடுத்த வருடம் குழந்தை என்று திட்டமிடும் பெண்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டால் நல்லது. ஒரு ட்ரஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியில்லாமல் மாறினால் சர்வீஸ் தொடரும். லீவு சேரும்போது வருடம் 27 நாள், ஐந்து வருடத்தில் 29, பத்தில் 33, பொது விடுமுறை தனி.

இனி சங்கம். பணக் கணக்கைவிட நான் அவளிடம் அதிக நேரம் பேசியது இதைத்தான்.

இரண்டாவது வருடம் நான் ஒரு மருந்துத் தவறு செய்தேன். காலைப் பத்து மணி மருந்தை இன்னொரு நர்ஸ் கொடுத்திருந்தார், சார்ட்டில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். செய்யாமல் நான் மறுபடியும் கொடுத்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே போய்ச் சொன்னேன், படிவத்திலும் பதிந்தேன். சாயங்காலமே ஸ்டேட்மென்ட் எழுதித் தரச் சொன்னார்கள். ஊர்ப் பழக்கத்தில் "எல்லாம் என் தவறு, மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். கொடுக்கும் முன் பிலிப்பினோ தோழி ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்தி, யூனியன் ரெப்புக்குப் போன் போடச் சொன்னாள்.

ரெப் என்றால் அலுவலகத்தில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் அல்ல. இன்னொரு வார்டில் எங்களைப் போல ஷிஃப்ட் பார்க்கிற, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அயர்லாந்துக்காரம்மா. விசாரணைக் கூட்டத்துக்கு ஒரு சுருள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஜன்னல் இல்லாத அறை, மேஜை நடுவில் டிஷ்யூ டப்பா. கேள்வி வரும் முன்பே நான் ஸாரி சொல்ல ஆரம்பிக்க, அவர் மேஜை மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தார். நிறுத்து என்று அர்த்தம். பிறகு மேனேஜரைப் பார்த்து ஒரே கேள்வி: "அன்றைக்கு அந்த வார்டில் எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள்?" அன்றைய ரோட்டாவின் நகலை அவர் ஏற்கெனவே வாங்கி நோட்டுக்குள் வைத்திருந்தார். இருக்க வேண்டியது ஐந்து பேர், இருந்தது மூன்று பேர், அதில் ஒருவர் அன்று முதல்முதலாக அந்த வார்டுக்கு வந்த ஏஜென்சி நர்ஸ். எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. மருந்து கொடுக்கும் பயிற்சியை மறுபடி எடுத்து, மூன்று முறை மேற்பார்வையில் கொடுத்துக் காட்டினேன். அது எனக்குத் தேவையான பயிற்சியும்கூட.

ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்கோ புகார் விசாரணைக்கோ சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிப்போகும் உரிமை 1999ஆம் வருடச் சட்டத்தில் எல்லோருக்கும் உண்டு, நர்சிங் ஹோம்காரர்களுக்கும்தான். ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, பக்கத்து வார்டிலேயே ஒரு ரெப் இருப்பது வேறு. இருபது பேர் வேலை பார்க்கும் ஹோமில் மேனேஜரை எதிர்த்துக் கூட வர யார் இருக்கிறார்கள்? பெரிய ட்ரஸ்டில் ரெப்புகள் இருக்கிறார்கள், அந்த வேலைக்கு அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. விஷயம் நர்சுகளைப் பதிவு செய்யும் என்எம்சி வரை போனால் பின் நம்பரே, அதாவது நர்சாக வேலை பார்ப்பதற்கான பதிவு எண்ணே, போய்விடலாம். அங்கே வக்கீல் உதவி தருவதும் சங்கம்தான்.

இங்கே சங்கத்தில் சேருவது கட்டாயமில்லை. சேராதவருக்கும் அதே சம்பள உயர்வு வரும். அதனால் சந்தா மிச்சம் என்று நம் பெண்கள் பலர் சேருவதில்லை. எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்குச் சங்கம் பொதுவாக உதவாது. சேருகிற வேலை, முதல் நாள் அடையாள அட்டை வாங்கும்போதே முடிய வேண்டிய வேலை.

குறைகளையும் அவளிடம் சொன்னேன், கொஞ்சமல்ல.

பதவி உயர்வு ரொம்ப மெதுவானது. பேண்ட் 5இல் இரண்டு வருடத்தில் ஒரு படி, நாலு வருடத்தில் ஒரு படி, 2025-26 கணக்கில் 37,796. அத்தோடு நின்றுவிடும். பேண்ட் 6க்குப் போக இடம் காலியாகி, விண்ணப்பித்து, இன்டர்வியூவில் தேற வேண்டும். மருத்துவச்சிகள் தகுதி பெற்றபின் பேண்ட் 5இலிருந்து 6க்குத் தானாகப் போகிறார்கள். நர்சுகளுக்கும் அப்படி வேண்டும் என்று ஆர்சிஎன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஊரில் பத்து வருடம் ஐசியூ பார்த்தவரும் நேற்று கல்லூரி முடித்தவரும் ஒரே படியில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளி அனுபவத்தைக் கணக்கில் எடுக்க ட்ரஸ்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை ஆஃபரை ஏற்கும் முன் கேட்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். சித்தி மகளும் தன் இருபத்திரண்டு மாதத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

இன்டர்வியூ விஷயத்தில் நம் நிறம் ஒரு காரணம்தான். என்ஹெச்எஸ்ஸே வருடா வருடம் வெளியிடும் இனச் சமத்துவ அறிக்கையில், இன்டர்வியூ வரை வந்தவர்களில் வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தொடர்ந்து வருகிறது. ஒழுங்கு நடவடிக்கைக்குள் இழுக்கப்படுவது நம்மவர்கள்தான் அதிகம் என்பதும் பல வருட அறிக்கைகளில் இருக்கிறது. தனியாரில் இது இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே இப்படி எண்ணிப் பார்த்து வெளியே சொல்வது அரிது.

சம்பள உயர்வு அரசின் கையில் இருக்கிறது. 2011லிருந்து இரண்டு வருடம் உறைய வைத்தார்கள், பிறகு 2017 வரை 1 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஏப்ரலில் வரவேண்டிய உயர்வு ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நிலுவையோடு வருவது பழகிப்போன ஒன்று. சங்கம் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். 1916இல் தொடங்கிய ஆர்சிஎன், இங்கிலாந்தில் முதன்முதலாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது 2022 டிசம்பரில்தான். 2023இல் கிடைத்தது 5 சதவீதமும் ஒருமுறைத் தொகையும். ஆர்சிஎன் உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை, மறுபடி ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 84 சதவீதம் வேலைநிறுத்தத்துக்குச் சரி என்றார்கள், ஆனால் ஓட்டுப் போட்டதே 43 சதவீதம்தான். பாதிப் பேராவது ஓட்டுப் போட வேண்டும் என்பது 2016 சட்டம். அத்தோடு முடிந்தது. கவரில் வந்த ஓட்டுச் சீட்டைப் பிரிக்காமல் மைக்ரோவேவ் மேல் வைத்திருந்த சிநேகிதிகள் எனக்கு உண்டு. சங்கம் என்பது லண்டனில் இருக்கும் ஆபீஸ் என்று நினைத்தால் இதுதான் நடக்கும்.

வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. விசாவில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்வதை விசா விதிமீறலாக எடுக்க முடியாது, சம்பளமில்லாத நாள் கணக்கிலும் அது சேராது. அந்த டிசம்பரில் நானும் வாசலில் நின்றேன். கீமோதெரபி, டயாலிசிஸ், ஐசியூ எல்லாம் விதிவிலக்கு கொடுத்து நடந்துகொண்டுதான் இருந்தன.

வார்டு நிலைமை தனிக்கதை. கலிஃபோர்னியாவில் 1999இல் சட்டம் போட்டு, 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று எண்ணிக்கை வைத்தார்கள், ஐசியூவில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. வேல்ஸில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்தில் இன்னும் அப்படி ஒன்று இல்லை. ட்ராலியில் நோயாளியை நடைபாதையில் வைத்தே பார்க்கும் நிலை பற்றி 2025 ஜனவரியில் ஆர்சிஎன் வெளியிட்ட அறிக்கையில் 5,000க்கும் மேற்பட்ட நர்சுகள் எழுதியிருந்தார்கள். மின்விசிறி ஸ்விட்சுக்குக் கீழே, திரை இல்லாமல், ஒரு பாட்டிக்கு பெட்பேன் வைத்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். நான் என் உடம்பை மறைப்பாக வைத்து நின்றேன். வேலையில் மனசாட்சி உள்ளவர்களைத் தின்பது இதுதான், சம்பளம் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் நல்ல நர்சிங் ஹோம் ஜெயிக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒரு பெயர், டீயில் எத்தனை சர்க்கரை என்பது உங்களுக்குத் தெரியும். சித்தி மகள் விட்டுப் போகத் தயங்கியதற்கு ஒரு காரணம், அவள் கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கும் தொண்ணூற்றிரண்டு வயது அம்மா ஒருவர். அதை நான் சின்னக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ராத்திரி அந்த ஹோமில் அவள் ஒருத்திதான் நர்ஸ். மூச்சுத் திணறினாலும் விழுந்தாலும் முடிவு எடுப்பது அவள். பக்கத்தில் டாக்டர் இல்லை, மூத்த நர்ஸ் இல்லை. இருபத்தாறு வயதில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றைப் பார்த்துக் கற்க ஆள் இல்லை. ஐவி, ரத்தம் ஏற்றுவது, அவசர நிலை எல்லாம் கை மறந்துகொண்டிருக்கிறது என்று அவளே சொன்னாள். எனக்கு இது சம்பளத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய காரணம்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஆள் குறைந்தால் தெரியாத வார்டுக்கு அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் மூன்று முறை சளி, காய்ச்சல் என்று லீவு போட்டால் பல ட்ரஸ்டுகளில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், சிக் பே தாராளம் என்றால் அதற்குக் காவலும் உண்டு. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கார் நிறுத்தப் பணம் கட்ட வேண்டியிருக்கும். எந்த மெயிலுக்கும் பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது வழியாகத் தனியார் மருத்துவமனைகளையும் கேட்டாள். முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷன்கள், நோயாளி எண்ணிக்கை குறைவு, நடைபாதை ட்ராலி கிடையாது. நாற்பது தாண்டி முதுகு ஓய்ந்தவர்களுக்கு நல்ல இடம். பேண்ட் 6, 7 வரை என்ஹெச்எஸ்ஸில் வளர்ந்துவிட்டு அங்கே போனவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே போனால் பார்க்கும் நோய்களின் வகை குறைவு. ஏஜென்சி, விசாவில் இருப்பவளுக்குப் பேச்சே இல்லை.

யாருக்கு நான் என்ஹெச்எஸ் வேண்டாம் என்பேன்? ஊரில் கடன் கழுத்தை நெரிக்கிறது, இரண்டு வருடம் ஓடி அடைத்துவிட்டுத் திரும்பப் போகிறேன் என்பவருக்கு. நர்சிங் ஹோமில் ஓவர்டைம் செய்தால் கையில் அதிகம் வரும். வயதானவர்களோடு இருப்பதே தன் வேலை என்று மனதார நினைப்பவருக்கும் நான் மாறச் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு, முக்கியமாக வந்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு, நோயும் தவறும் பிரசவமும் வரக்கூடிய வயதில் இருப்பவர்களுக்கு, என் பதில் ட்ரஸ்ட்தான்.

ஒரே ஒரு முள் மிச்சம் இருந்தது. அவளுடைய நர்சிங் ஹோம் ஒப்பந்தத்தில், சேர்ந்து மூன்று வருடத்துக்குள் போனால் ஆளெடுத்த செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. பலர் இதைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிடுகிறார்கள். படித்துப் பார்த்தால் தொகை வருடா வருடம் குறைகிறது, 24 மாதம் முடிந்தால் மூன்றில் ஒரு பங்குதான். அவளுக்கு இன்னும் இரண்டு மாதம். வேலை மாற புது ஸ்பான்சர்ஷிப்பும் விசா விண்ணப்பமும் தேவை, அதற்கு எப்படியும் நாளாகும். நர்சிங் ஹோமில் இருந்துகொண்டே ஆர்சிஎன்னில் சேரலாம் என்றேன். அந்த ராத்திரியே சேர்ந்தாள், பாக்கித் தொகைக் கணக்கு சரிதானா என்று மாதாமாதம் எப்படிப் பார்ப்பது என்பதும் இப்போது அவளுக்குத் தெரியும்.

சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று ட்ரஸ்டுக்கு மெயில் அனுப்பினாள். பதினொரு நாள் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் "அக்கா, ஆஃபர் போயிடுமோ?" என்று மெசேஜ். பன்னிரண்டாவது நாள் காலை, நான் நைட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, மூன்றாவது படம் வந்தது. தள்ளிவைக்கச் சம்மதம் என்று ஒரு வரி, கீழே புதிய தேதி, அதற்கும் கீழே வார்டின் பெயர்: முதியோர் மருத்துவம்.